மாட்டுக்குப் பல்லு, போனுக்குத் தேதி

"அப்பாவுக்கு ஒரு போன் வாங்கணும். பெருசா ஒண்ணும் வேணாம், கிராமத்துல தானே இருக்காரு. எவ்வளவு போட்டா போதும்?"

தீபாவளி நெருங்கினா சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க தவறாம கேக்கிற கேள்வி இது. பெத்தவங்களுக்கு வாங்கித் தரணும்னு நினைக்கிற மனசை நான் குறை சொல்லல. அந்த "கிராமத்துல தானே" இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது.

அதுக்கு என்ன அர்த்தம்? நகரத்துல இருக்கிறவங்களுக்கு போன்ல நிறைய வேலை, கிராமத்துல இருக்கிறவருக்கு என்ன வேலை, பேசறதுக்கும் பேரப்பிள்ளை போட்டோ பாக்கறதுக்கும் ஏழாயிரம் போதும்னு அர்த்தம். இல்லேன்னா இன்னொரு வழி: "நான் புதுசு வாங்கிட்டேன், பழசை அப்பாவுக்குக் கொடுத்துடறேன்."

என் கட்சி இதுக்கு நேர் எதிர். வீட்டுல ஒரு நல்ல போன் யாருக்கு வேணும்னா, அது கம்பைநல்லூர்ல இருக்கிற அப்பாவுக்குத்தான். நல்ல போன்னா விலை கூடின போன் இல்லீங்க. ரொம்ப வருஷம் உயிரோட இருக்கிற போன்.

ஏன்னு சொல்றேன்.

உங்க போன் கெட்டுப்போனா என்ன ஆகும்? ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு. வீட்டுல லேப்டாப் இருக்கு. பேங்க் கிளை தெருமுனையில இருக்கு. சர்வீஸ் சென்டருக்கு மெட்ரோவுல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். உங்க கையில இருக்கிற போன், உங்ககிட்ட இருக்கிற நாலு கருவியில ஒண்ணு.

உங்க அப்பா கையில இருக்கிறது ஒரே ஒரு கருவி. பேங்க் அதுதான், தாலுக்கா ஆபீஸ் அதுதான், மார்க்கெட் அதுதான். பிஎம் கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா 2,000 வருது. அதுக்கு இ-கேஒய்சி பண்ணணும். மண்ணுல வேலை செய்யிற விரலுக்கு ரேகை எங்கீங்க தெளிவா இருக்கும்? ரேஷன் கடை மெஷின்ல நாலு தடவை கட்டைவிரலைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிற பெரியவங்களைப் பாத்திருப்பீங்க. அதனாலதான் 2023 ஜூன்ல முகத்தைக் காட்டியே இ-கேஒய்சி பண்ணிக்கிற வசதியை பிஎம் கிசான் ஆப்ல கொண்டு வந்தாங்க. நல்ல விஷயந்தான். ஆனா முகத்தைக் காட்ட முன்பக்கக் கேமரா ஒழுங்கா இருக்கிற போன் வேணும்ல?

நூறு நாள் வேலையை எடுத்துக்குங்க. 2023 ஜனவரி 1ல இருந்து, தனிநபர் பயனாளி வேலைகளைத் தவிர, மத்த எல்லாப் பணித்தளத்திலும் வருகைப்பதிவு ஆப்லதான். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வேலை செய்யிறவங்களைப் போட்டோ எடுத்து, எடுத்த இடத்தோட சேத்து ஏத்தணும். எடுக்கிறது யாரு? பணித்தளப் பொறுப்பாளரா இருக்கிற நம்ம ஊர்ப் பொண்ணு. யாரோட போன்ல? அந்தப் பொண்ணோட சொந்த போன்ல. போட்டோ ஏறலேன்னா அன்னிக்குக் குனிஞ்சு மண் வெட்டினவங்க கூலிக்கு வில்லங்கம். இப்போ சொல்லுங்க, அந்த போனோட தரம் ஒருத்தருடைய சொந்த விருப்பமா?

தமிழக அரசோட உழவன் செயலி 2018ல வந்துச்சு. மானியத்துக்குப் பதியறது, வேளாண் கருவி வாடகைக்குக் கேக்கிறது, விலை பாக்கிறது எல்லாம் அதுல இருக்கு. பட்டா, சிட்டா ஆன்லைன்ல. கரண்ட் பில் ஆன்லைன்ல. பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி இன்னிக்கு என்ன விலைக்குப் போச்சுன்னு காலையிலேயே வாட்ஸ்அப்ல வந்துடுது. கடைசியா, டீக்கடையில இருந்து உரக்கடை வரைக்கும் ஸ்கேன் பண்ற அட்டை தொங்குது. இதுல எதாவது ஒண்ணு போன்ல ஓடலேன்னா தருமபுரிக்கு பஸ் ஏறணும். பஸ் ஏறினா ஒரு நாள் வேலை போச்சு.

இவ்வளவையும் தூக்கிச் சுமக்கிற கருவிக்குத்தான் "கிராமத்துல தானே, இது போதும்"னு சொல்றீங்க.

சரி, அப்போ எவ்வளவு போடலாம்? இதுக்கு டெக் வீடியோ எதுவும் பாக்க வேண்டாம். பொருள் வாங்கற கணக்கு கிராமத்தானுக்கு ரொம்ப காலமாவே தெரியும்.

சந்தையில மாடு பிடிக்கிறவரைப் பாருங்க. தோல் பளபளன்னு இருக்கா, கொம்புக்கு பெயிண்ட் அடிச்சிருக்கான்னு பாத்துட்டு யாரும் விலை பேசறதில்ல. முதல்ல வாயைப் பிளந்து பல்லைப் பாப்பாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேந்துடுச்சா? ஏன்னா அவருக்குத் தெரிய வேண்டியது இந்த மாடு இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும்ங்கிறது. வயசு தெரியாம விலை பேசறவனை சந்தையில ஏமாளின்னுதான் சொல்லுவாங்க.

போர்வெல் மோட்டார் வாங்கும்போதும் அப்படித்தான். "எத்தனை எச்பி"ங்கிற கேள்விக்கு அடுத்த கேள்வி, "காயில் எரிஞ்சா கட்டறதுக்கு இங்க ஆள் இருக்கா?" கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பணும்னா, அந்த மோட்டார் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வேண்டாம். ரெண்டு வாரம் தண்ணி இல்லாம போனா பயிர் கருகிடும்.

போனுக்கும் இதே ரெண்டு கேள்விதான். பல்லு எங்க இருக்கு? காயில் கட்ட ஆள் இருக்கா?

போனோட பல்லு அதோட பாதுகாப்பு அப்டேட் நிக்கிற தேதி. கம்பெனி ஒரு மாடலை வெளியிடும்போதே, இத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு அறிவிக்கும். அதுக்கப்புறம் போன் ஆன் ஆகும், பாட்டு பாடும், பேசலாம். ஆனா அதுல புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்க ஆள் இல்ல. கொஞ்ச காலத்துல ஆப்புகளும் ஒண்ணொண்ணா கைவிடும். 2025 ஜனவரியில ஆண்ட்ராய்டு 4.4 ஓடுற போன்களை வாட்ஸ்அப் கைவிட்ட மாதிரி. பேங்க் ஆப்புகளும் பழைய ஆண்ட்ராய்டுல ஓடாதுன்னு சொல்லிடும்.

இதுல பலபேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அந்த வருஷக் கணக்கு பெரும்பாலும் மாடல் வெளிவந்த நாள்ல இருந்து ஓடுது, நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல. தீபாவளி ஆபர்ல பாதி விலைக்குக் கிடைக்கிற போன் ஏன் பாதி விலைன்னு யோசிச்சீங்களா? ரெண்டு வருஷம் முன்னாடி வந்த மாடலா இருக்கும். கடை சேந்த மாட்டுக்குக் கொம்பு சீவி சந்தைக்கு ஓட்டிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான்.

கணக்கு போட்டுப் பாக்கலாம். போன் விலையை, அது உயிரோட இருக்கப்போற மாசத்தால வகுங்க.

7,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கறீங்க, ரெண்டு வருஷத்துல படுத்துடுதுன்னு வெச்சுக்குவோம். மாசம் 292 ரூபாய்.

சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 2024 அக்டோபர்ல 18,999 ரூபாய்க்கு வந்துச்சு. ஆறு வருஷம் அப்டேட் தருவோம்னு அறிவிச்சாங்க. வந்த உடனே வாங்கி, ஆறு வருஷமும் வெச்சிருந்தா மாசம் 264 ரூபாய். ஏழாயிரம் ரூபாய் போனை விடக் கம்மி!

ஐபோன் 17, 2025 செப்டம்பர்ல 82,900 ரூபாய்க்கு வந்துச்சு. முழுசா ஏழு வருஷம் ஓடும்னே வெச்சுக்குவோம். மாசம் 987 ரூபாய்.

இதை வெச்சு நான் யாருக்கும் ஒரு கம்பெனியை சிபாரிசு பண்ணல. அதே சாம்சங்ல ஏ06ன்னு 9,999 ரூபாய்க்கு ஒரு போன் 2024ல வந்துச்சு, அதுக்கு நாலு வருஷம் பாதுகாப்பு அப்டேட். மாசக் கணக்கு பாத்தா 208 ரூபாய், இன்னும் கம்மி. ஆனா 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல காலையில வர்ற பூங்கொத்து படத்துக்கே 64 ஜிபி பத்தாது. ஒத்தை ஆள், ஆப் நாலஞ்சு, அவ்வளவுதான்னா அது நியாயமான விலை. பேத்தி படிப்பு, பொண்ணோட மகளிர் குழு கணக்கு எல்லாம் அதே போன்லன்னா திணறும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: பெட்டியில ஒட்டியிருக்கிற விலை போனோட விலை இல்ல. அதை வருஷத்தால வகுத்தாத்தான் விலை.

ரெண்டாவது கேள்வி, காயில் கட்டற கேள்வி. கடையில போனைக் கையில எடுக்கும்போதே கேளுங்க: "டிஸ்ப்ளே உடைஞ்சா என்ன ஆகும்? தருமபுரியில கிடைக்குமா? பேட்டரி மாத்த எவ்வளவு?" டிஸ்ப்ளே விலை போன் விலையில பாதின்னு சொன்னா அந்த போனை அங்கேயே வெச்சுட்டு வாங்க. கல்லு, களத்துமேடு, வாய்க்கால்னு திரியிறவர் கையில போன் ஒரு தடவையாவது விழும். பளிங்கு தரை ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவர் போன் மாதிரி கணக்கு போடாதீங்க.

ஐரோப்பாவுல இதை அரசாங்கமே கேக்குது. 2025 ஜூன் 20ல இருந்து அங்க விக்கிற போனுக்கு, விற்பனையை நிறுத்தினதுக்கு அப்புறமும் அஞ்சு வருஷம் அப்டேட் தரணும், உதிரிபாகம் ஏழு வருஷம் கிடைக்கணும்னு சட்டம். கவனிங்க, கடைசிப் பெட்டி வித்த நாள்ல இருந்து கணக்கு. ஆபர்ல பழைய மாடல் வாங்கினவனும் ஏமாறமாட்டான். நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல பழுது பாக்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. எந்தப் பொருளைப் பழுது பாக்கிறது சுலபம்னு மதிப்பெண் போடறதுக்கு ஒரு குழு வெச்சு, அந்தக் குழு 2025 மே மாசம் அறிக்கையும் கொடுத்தாச்சு. அந்த மதிப்பெண் போன் பெட்டி மேல எப்போ அச்சாகும்? அதுவரைக்கும் நாமதான் வாயைப் பிளந்து பல்லைப் பாக்கணும்.

இப்போ அந்தப் பழைய போன் விஷயத்துக்கு வர்றேன். இதுல கொஞ்சம் கோபமாவே எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

நாலு வருஷம் நீங்க வெச்சிருந்த போனை, "நல்லாத்தாம்ப்பா இருக்கு"ன்னு அப்பாகிட்ட கொடுக்கறீங்க. அதுக்கு அப்டேட் போன வருஷமே நின்னு போச்சு. பேட்டரி மத்தியானம் தாங்காது. அந்த போன்லதான் இனிமே அவரோட ஆதார் ஓடிபி வரப்போகுது. மாங்காய் வித்த காசு, பால் காசு, கூட்டுறவு சொசைட்டி நகைக்கடன் வரவு, எல்லாம் இருக்கிற அக்கவுண்டோட சாவி அந்த போன். "உங்க கிசான் பணம் நின்னுடும், இந்த ஆப்பை இறக்குங்க"ன்னு ஒரு மெசேஜ் வந்தா, அந்த மாதிரி ஆப்புக்குக் கதவைத் திறந்து வெச்சிருக்கிறது அப்டேட் நின்ன போன்தான். உங்க அக்கவுண்ட்ல ஒரு பதினஞ்சாயிரம் போனா அந்த மாசம் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பீங்க. அவர் அக்கவுண்ட்ல போனா அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக் காசு இருக்காது.

கொடுக்கறதா இருந்தா ரெண்டு வருஷம் பழகின போனைக் கொடுங்க. அதுல இன்னும் ரெண்டு, மூணு வருஷம் பல்லு இருக்கும். புது பேட்டரி போட்டுக் கொடுங்க. அது அன்பளிப்பு. நாலு வருஷம் கழிச்சுக் கொடுக்கறது, குப்பையை ஊருக்கு அனுப்பறது.

இன்னொரு கூட்டம் இருக்கு. "கூலிக்குப் போறவன் கையில இருபதாயிரம் ரூபாய் போன்! இவங்களுக்கு எதுக்கு இலவசம், எதுக்கு மானியம்?" ரயில்ல, கல்யாண வீட்டுல, எங்க பாத்தாலும் இந்தப் பேச்சு. இவங்க ஒண்ணை மறந்துடறாங்க. வேலைக்கு வந்தேன்னு நிரூபிக்க போன், மானியம் வாங்க போன், 2020ல பள்ளிக்கூடத்தை மூடினப்போ பிள்ளை படிக்க போன். போன் இல்லாம எதுவும் நடக்காதுன்னு ஆக்கிவெச்சுட்டு, போன் வெச்சிருக்கிறதையே பணக்காரத்தனம்னு பேசறது என்ன நியாயம்?

அந்த இருபதாயிரம் அவங்களுக்கு எப்படி வருதுன்னும் தெரிஞ்சுக்குங்க. 2025-26க்கு தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 18,999 ரூபாய் போன், 57 நாள் கூலி. நூறு நாளும் வேலை கிடைச்சா அதுல பாதிக்கு மேல. ஐபோன் 17, 247 நாள் கூலி, அதாவது ரெண்டரை வருஷத்து நூறு நாள் வேலை.

பால் கணக்குல பாருங்க. ஆவினுக்குப் பசும்பால் ஊத்தினா லிட்டருக்கு 35, ஊக்கத்தொகை 3, ஆக 38 ரூபாய், கொழுப்பும் சத்தும் சரியா இருந்தா. அந்த போனுக்கு 500 லிட்டர் பால் கறக்கணும். எட்டு லிட்டர் கறக்கிற ஒரு மாடு ரெண்டு மாசம் கறக்கணும். தவிடு, புண்ணாக்கு செலவைக் கழிச்சா நாலு மாசம். அத்தனை நாள் விடியக்காலையில எழுந்து மடி பிடிச்ச காசுல ஒருத்தர் நல்ல போனா வாங்கறாருன்னா, அவர் செலவாளி இல்ல. ஒரே தடவை வாங்கறோம், அஞ்சாறு வருஷம் வரணும்னு கணக்கு தெரிஞ்சவர்.

நம்ம ஊர் பசங்களையும் நான் விடப்போறதில்ல. தருமபுரியில கடைக்குப் போனா, பேனைச் சுழல விட்டு, கூல்ட்ரிங்ஸ் கொடுத்து, "வட்டியே இல்லண்ணா, மாசம் மூவாயிரம் தான்"னு நாப்பதாயிரம் ரூபாய் போனைக் கட்டிக் கொடுத்துடறாங்க. வட்டியே இல்லாத கடன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. 2013 செப்டம்பர்லேயே ரிசர்வ் வங்கி இதை பேங்குகளுக்குச் சொல்லி, பூஜ்ய வட்டித் திட்டங்களை நிறுத்தச் சொன்னது. வட்டி விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இல்லேன்னா பிராசசிங் பீஸ்னு வெளிய நிக்கும். ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது. ரொக்க விலை என்னன்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம் தவணையைக் கூட்டிப் பாருங்க, வட்டி தானா வெளிய வரும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. தவணை மாசா மாசம் வரும். நம்ம வருமானம் மாசா மாசம் வராது. 2025ல பெங்களூரா மாங்காய்க்கு என்ன ஆச்சு? கூழ் ஆலைங்க கையை விரிச்சிடுச்சு, விலை கிலோவுக்கு ஒத்தை ரூபாயில வந்து நின்னுச்சு, பறிகூலி கட்டாம மரத்துலேயே விட்டவங்க நம்ம மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை பேர்! அன்னிக்கு விலை என்னன்னு போன் சரியாத்தான் சொல்லிச்சு. விலையைச் சொல்லுமே தவிர, போனால விலையைக் கூட்ட முடியாது. அடுத்த அறுவடையை நம்பி இன்னிக்கு போன் வாங்காதீங்க. முடிஞ்ச அறுவடையில மிச்சமான காசுல வாங்குங்க. தவணை தவறினா போனையே பூட்டி வைக்கிற ஏற்பாடும் சில கடன்கள்ல இருக்கு. போன் பூட்டினா, மேல சொன்ன பேங்க், மார்க்கெட், தாலுக்கா ஆபீஸ் எல்லாம் சேந்து பூட்டிக்கும்.

போன் விலையைப் பத்தியே பேசிட்டு, அதுக்குப் போடற தீனியை மறந்துடக்கூடாது. மாடு வாங்கினவன் தீவனத்தை மறக்க முடியுமா? 2024 ஜூலையில மூணு கம்பெனியும் சேந்தாப்ல ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தினாங்க. தினம் ஒன்றரை ஜிபி தர்ற ஜியோ திட்டம் 239ல இருந்து 299 ஆச்சு. அதுவும் மாசத்துக்கு இல்ல, 28 நாளைக்கு. வருஷத்துக்கு 13 தடவை, 3,887 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு 19,435. போனை விட ரீசார்ஜ் அதிகம்! அப்பாவுக்கு போன் வாங்கிக் கொடுத்துட்டு ரீசார்ஜை அவர் தலையில கட்டினா, நீங்க கொடுத்த பரிசுக்கு அவரே பாதி விலை கட்டறாரு. அம்மாகிட்ட பட்டன் போன் இருந்து பேசறதுக்கு மட்டும்னா, டேட்டா இல்லாத பேச்சுத் திட்டம் கேளுங்க. 2024 டிசம்பர்ல டிராய் உத்தரவு போட்டதுக்கு அப்புறம் அப்படி ஒரு திட்டம் எல்லாக் கம்பெனியிலும் இருந்தாகணும். கடைக்காரர் தானா சொல்லமாட்டாரு.

கடைசியா அரசாங்கத்துக்கிட்ட ஒரு கேள்வி. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. டிராக்டர் டயர், உதிரிபாகத்துக்கு 18ல இருந்து 5. விவசாயக் கருவிங்கிறதால குறைச்சாங்க, சந்தோஷம். போனுக்கு? அதே 18. அதுவும் முன்னாடி 12ஆ இருந்தது, 2020 ஏப்ரல் 1ல 18 ஆக்கினாங்க. தேதியைப் பாருங்க. நாடே ஊரடங்குல இருந்த வாரம். அடுத்த ரெண்டு மாசத்துல பள்ளிக்கூடம் போனுக்குள்ள வந்துச்சு.

18,999 ரூபாய் போன்ல வரி மட்டும் சுமார் 2,900. பிஎம் கிசான் தவணை 2,000. தவணை வாங்க இ-கேஒய்சி பண்ணணும், இ-கேஒய்சி பண்ண போன் வாங்கணும், போன் வாங்கினா ஒன்றரைத் தவணை வரியாத் திரும்பிப் போயிடும். டிராக்டர் மாதிரி 5 சதவீதம் போட்டா அதே போன் 2,000 ரூபாய்க்கு மேல குறையும். நூறு நாள் வேலைக்குப் போட்டோ எடுக்கிற போனும், மானியத்துக்குப் பதியிற போனும் கருவி இல்லேன்னா, வேற எதுங்க கருவி? பணித்தளப் பொறுப்பாளருக்காவது அரசாங்கமே ஒரு போன் வாங்கிக் கொடுக்கட்டும். மண்வெட்டி கேட்டா கொடுப்பீங்கல்ல?

ஓசூர் பக்கம் டாடா தொழிற்சாலையில ஐபோனோட உடம்பு தயாராகுது, ஸ்ரீபெரும்புதூர்ல ஃபாக்ஸ்கான் அதை முழு போனா பூட்டுது. நம்ம பக்கத்துப் பொண்ணுங்களும் கம்பெனி பஸ் ஏறி அந்த மாதிரி வேலைகளுக்குப் போறாங்க. போன் செய்யத் தெரிஞ்ச கை நம்ம ஊர்க் கை. அந்தக் கையில ஒரு உருப்படியான போன் இருந்தா மட்டும் கண்ணை உறுத்துதாக்கும்.

சரி, கேட்ட கேள்விக்கு நேரா பதில். அப்பா ஒருத்தருக்கு மட்டும்னா பத்தாயிரம் சுத்துவட்டாரத்துல, இன்னும் மூணு வருஷத்துக்குக் குறையாம அப்டேட் இருக்கிற போன். குடும்பத்துக்கே அது ஒண்ணுதான்னா பதினஞ்சுல இருந்து பத்தொம்போது ஆயிரம், அஞ்சு வருஷம் அப்டேட், 6 ஜிபி ரேம், 128 ஜிபி இடம். ரெண்டுலயும் மாசக் கணக்கு 300 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதுக்கு மேல போடற காசு, கேமராவுக்கும் பேருக்கும் போகுது. வெயில்ல திரை தெரியுதான்னு கடைக்கு வெளிய எடுத்துட்டு வந்து பாருங்க. மோட்டார் ஓடுற சத்தத்துல ஸ்பீக்கர் கேக்குமான்னு பாருங்க. அப்பா வீட்டுல எந்த சிம்முக்கு டவர் எடுக்குதுன்னு அவரையே கேளுங்க, சென்னையில உக்காந்து நீங்களே முடிவு பண்ணாதீங்க. டவர் எடுக்கலேன்னா ஐபோனும் செங்கல்லும் ஒண்ணுதான்.

வாங்கின பில்லுக்குப் பின்னாடி, அந்த போனுக்கு அப்டேட் நிக்கிற மாசத்தையும் வருஷத்தையும் பேனாவுல எழுதி அப்பாகிட்ட கொடுங்க. மாட்டுக்கு ஊசி போட்ட தேதி, மோட்டாருக்கு காயில் கட்டின தேதி எல்லாம் அவர் காலண்டர்ல எழுதித்தான் வெச்சிருப்பாரு. இதையும் பக்கத்துல எழுதிக்குவாரு.